கைவேலைப் பகுதி: டியூப் இல்லாத சைக்கிள் டயர்

வாசக அன்பர்கள் பலர் சில மாதங்களாக ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் நம்மிடம் கேட்டு வருகின்றனர். "பையன் புதுச் சைக்கிள் வாங்கியிருக்கிறான். அதில் டியூபே இல்லையாம், பஞ்சரும் ஆகாதாம். இது மெய்தானா? நம் வீட்டுப் பழைய சைக்கிளையும் அவ்விதம் மாற்றிவிடலாமா?" என்பது அக்கேள்வி. புனே நகரில் வாழும் நமக்குச் சைக்கிள் புதிதன்று. சைக்கிள்களின் நகரம் என்றே ஒரு காலத்தில் இவ்வூர் பெயர் பெற்றிருந்தது. கட்கியிலும் தேஹு ரோட்டிலும் இருந்த தொழிற்சாலைகளுக்கு நம் முன்னோர் சைக்கிளில் ஏறிச் சென்றே குடும்பத்தை நிலைநிறுத்தினர். ஆகவே இக்கேள்விக்கு விரிவாகவே விடை கூற விரும்புகிறோம். கூறுவதற்கு நமக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாம் கடக்வாஸ்லா அணை வரை சைக்கிளில் சென்றோம். ஒன்பது மணிக்கு நம் தமிழ் வகுப்பு. வகுப்பறையின் சாவி நம் சட்டைப் பையில் இருந்தது. திரும்பும் வழியில் ஏழேகால் மணிக்குப் பின்சக்கரம் தரையோடு ஒட்டிக்கொண்டது. நம்முடையது டியூப் இல்லாத டயர். முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் மாற்று டியூபோ பம்போ நாம் எடுத்துச் செல்லவில்லை. உள்ளே இருந்து அடைக்க வேண்டிய பால் ஐப்பசியில் ஊற்றியது. ஐந்து மாதத்தில் அது வற்றி உலர்ந்து டயரோடு டயராக ஒட்டிக் கிடந்தது.

சிறிது தொலைவில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் வடநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். நம்மைப் போலவே அயலூர்க்காரர். டயரைக் கழற்றி உட்புறத்தை விரலால் தடவி ஏழு முட்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். "மருந்து எப்போது ஊற்றினீர்கள்?" என்று கேட்டார். நாம் கூறிய மாதத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார். அவரிடம் டியூப் இருந்தது. ஆனால் அதன் வால்வு தடித்தது. நம் சக்கரத்தின் துளை மெல்லிய வால்வுக்கு உரியது. அந்தத் துளை ஆறரை மில்லிமீட்டர், அவருடைய டியூபின் வால்வுக்கோ எட்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே அவருடைய திறமையும் அன்று நமக்குப் பயன்படவில்லை. ஒரு டெம்போக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்ளும் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கைப்பேசியில் செய்தியைச் சொல்ல முடிந்தது. சாவியைச் சொல்லி அனுப்ப முடியவில்லை. பத்தேகாலுக்கு நாம் போய்ச் சேர்ந்தபோது குழந்தைகளில் பாதிப் பேர் வெயிலில் நின்று களைத்து வீடு திரும்பிவிட்டனர்.

அவர்களுள் பிம்ப்ரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் அண்ணனும் தங்கையும் அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவர்கள் வீட்டுக்குச் சென்று வருத்தம் தெரிவித்தோம். தாயார் காபி கொடுத்து உபசரித்தார். பிறகு மெதுவாக, "சக்கரம் பஞ்சரானால் நீங்கள் என்ன செய்வீர்கள், சார்? ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பிள்ளைகளை எழுப்பி, தமிழ் படிக்க வா என்று கிளப்புவது எவ்வளவு பாடு என்பது எனக்குத்தான் தெரியும். ஒருமுறை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டால் அடுத்த முறை கிளப்ப முடியவில்லை" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. இக்கட்டுரைதான் நாம் செலுத்தக்கூடிய அபராதம்.

அமைப்பு எவ்வாறு?

காற்றடைத்த சக்கரத்துக்கு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்ஸன் 1845-லேயே காப்புரிமை பெற்றார். எனினும் அது வழக்கத்துக்கு வரவில்லை. 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று முயன்றதன் பயனாகவே காற்றடைத்த சக்கரம் உலகெங்கும் பரவியது. டியூபை நீக்கிவிடும் யோசனை மோட்டார் கார்களில் 1950-களில் நிலைபெற்றது. சைக்கிளுக்கு அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1999-ல் மாவிக், மிஷெலின், ஹட்சின்ஸன் என்ற மூன்று பிரெஞ்சு நிறுவனங்கள் சேர்ந்து மலைச் சைக்கிளுக்கென ஒரு முறையை வகுத்தன. இன்று நாம் காண்பவை பெரும்பாலும் அதன் வழிவந்தவை.

பழைய முறையில் காற்றைத் தாங்குவது டியூப். டயர் அதற்குப் போர்த்திய கவசமே. புதிய முறையில் டயரும் ரிம்மும் சேர்ந்தே காற்றைத் தாங்குகின்றன. அதற்கு மூன்று இடங்களில் அடைப்பு வேண்டும். ஸ்போக் துளைகளை மூட ரிம்மின் உட்புறத்தில் ஒட்டும் நாடா ஒன்று. ரிம்மில் தனியாகப் பொருத்தும் வால்வு இரண்டாவது. டயரின் ஓரம் ரிம்மின் ஓரத்தோடு இறுகப் பற்றிக்கொள்வது மூன்றாவது. இவற்றுக்கும் மேலாகச் சீலன்ட் எனப்படும் வெண்மையான பால் ஒன்றை உள்ளே ஊற்றுகிறோம். அது பெரும்பாலும் ரப்பர் பாலால் ஆனது. குமரி மாவட்டத்திலிருந்து வந்த அன்பர்களுக்கு அதன் மணம் புதிதாக இராது. தோட்டத்தில் வடித்த பால் உறையாதிருக்க அம்மோனியா சேர்ப்பது போலவே இதிலும் பல வகைகளில் சேர்க்கின்றனர். முள் குத்திய துளை வழியாகக் காற்று வெளியேறும்போது பாலும் கூடவே பாய்கிறது. அதிலுள்ள நுண்துகள்கள் துளையில் சிக்கிக்கொள்ள, ரப்பர் உறைந்து அடைபடுகிறது.

ஆகையால் "பஞ்சரே ஆகாது" என்பது மெய்யன்று. பஞ்சர் ஆகும். ஆனால் அதை நாம் அறியுமுன் அது ஆறிவிடும். அதுவும் உள்ளே பால் ஈரமாக இருக்கும் வரையில்தான்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

நம் நாட்டில் பெரும்பாலோர் ஓட்டும் கனமான கறுப்புச் சைக்கிளை இம்முறைக்கு மாற்ற இயலாது. அதன் இரும்பு ரிம்மும் வால்டியூப் போட்ட வால்வும் இதற்கென அமைந்தவை அல்ல. குழந்தை இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் சைக்கிளுக்கும் இது தேவையில்லை. நல்ல டயரும் நல்ல டியூபும் போட்டு, வாரம் ஒருமுறை காற்றுப் பார்த்தால் போதும். ஊரெங்கும் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் இருக்கும்போது, யாருக்கும் பழகாத அமைப்பைக் குழந்தையின் சைக்கிளில் பொருத்துவது சிக்கனமும் ஆகாது.

நீண்ட தூரம் செல்வோர், கரடான பாதையில் ஓட்டுவோர், முள் மிகுந்த வழியில் நாள்தோறும் செல்வோர் ஆகியோருக்கே இது பெரும் பயன் தரும். இவ்வூரார் வேடீ பாபூள் என்று ஏசும் மரம் நம் ஊரில் வேலிகாத்தான், சீமைக்கருவேல் என்று ஏச்சு வாங்கும் அதே மரந்தான். நாம் எங்கே குடிபெயர்ந்தாலும் அது நமக்கு முன்னே வந்து காத்திருக்கிறது! அதன் முள் டியூபைத் துளைப்பதில் ஈடு இணையற்றது. மேலும் டியூப் இல்லாத டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக வைக்கலாம். குழியில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டைத் துளை விழும் தொல்லை இல்லை. காற்றுக் குறைந்தால் குலுக்கல் குறையும், கரட்டுப் பாதையில் பிடிப்பும் மிகும்.

பொருத்தும் முறை

முதலாவதாக, ரிம், டயர் இரண்டிலும் டியூப்லெஸ் முறைக்கு உரியவை என்ற குறிப்பு இருக்கவேண்டும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லையேல் முயலவேண்டாம். இக்காலத்தில் ஓரத்தில் கொக்கி போன்ற மடிப்பு இல்லாத ரிம்களும் வந்திருக்கின்றன. அவற்றுக்கு அவற்றோடு ஒத்துப்போகும் என்று தயாரிப்பாளர் கூறியுள்ள டயரையே போடவேண்டும். காற்றழுத்தமும் 5 பார், அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 72 பவுண்டு என்ற எல்லையைத் தாண்டலாகாது. தாண்டினால் டயர் ரிம்மிலிருந்து கழன்று எகிறிவிடக் கூடும். இறக்கத்தில் வேகமாக வரும்போது அவ்வாறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நாடா ஒட்டுதல். பொறுமையின்மையால் பலர் தவறுவது இங்கேதான். ரிம்மில் உள்ள பழைய பட்டையை உரித்துவிட்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெயும் பிசுக்கும் போகத் துடைத்து நன்றாக உலரவிடவேண்டும். நாடா ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் அதிகமாக இருக்கட்டும். வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்பாகத் தொடங்கி, இழுத்துப் பிடித்தபடியே சுற்றி வந்து, தொடங்கிய இடத்தின் மேலேறித் துளையையும் கடந்து முடிக்கவேண்டும். பின்னர் கட்டைவிரலால் நடுப்பள்ளத்திலும் ஓரங்களிலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். தோசைக்கல்லில் எழும் கொப்புளம் போல எங்கேனும் காற்றுத் தங்கினால் அவ்வழியே பின்னால் பால் கசியும்.

மூன்றாவது, வால்வு. நாடாவில் துளைக்கு நேராகக் கூரிய ஊசியால் சிறு துளையிட்டு வால்வைச் செருக வேண்டும். கத்தியால் கீறினால் கிழிசல் பரவும். வெளிப்புறத் திருகைக் கையால் முறுக்கினால் போதும். குறடு போட்டு முறுக்கினால், வழியில் டியூப் மாற்ற நேரும்போது கையால் கழற்ற வராது.

நான்காவது, டயர் ஏற்றுதல். டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதைக் கவனிக்கவேண்டும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வின் அருகில் முடிக்க வேண்டும். ஏற்றிய பகுதியின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தால் இறுதியில் தேவையான தளர்ச்சி கிடைக்கும். இரும்பு நெம்புகோல் நாடாவைக் கிழித்துவிடும். கையால் முடியாவிட்டால் பிளாஸ்டிக் நெம்புகோலை நிதானமாகப் பயன்படுத்தலாம்.

ஐந்தாவது, ஓரத்தை அமர்த்துதல். டயரின் இரு ஓரங்களிலும் சோப்பு நீர் தடவி, வால்வின் உட்பகுதியைக் கழற்றிவிட்டு, காற்றை ஒரே மூச்சில் வேகமாகச் செலுத்த வேண்டும். காற்றைச் சேமித்து வைத்து ஒருசேர விடும் பம்பு இருந்தால் வேலை எளிது. ஓரம் அமரும்போது "டப், டப்" என்று ஓசை எழும், அஞ்ச வேண்டாம். ஆனால் முகத்தை அருகில் வைக்காமல் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது. அழுத்தம் டயரிலும் ரிம்மிலும் குறித்துள்ள எல்லைகளுள் குறைவானதைத் தாண்டலாகாது. பெட்ரோல் பங்கில் காருக்குப் பிடிக்கும் குழாயை அளவு பாராமல் மாட்டுவது ஆபத்து. ஓரம் அமரவே மறுத்தால், முதலில் ஒரு டியூபை உள்ளே வைத்துக் காற்றடித்து இரு ஓரங்களையும் அமர்த்தி, பிறகு ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி டியூபை எடுத்துவிடலாம். மறுபக்கம் அமர்ந்தபடியே இருக்குமாதலால் பாதி வேலை முடிந்தது.

ஆறாவது, பால் ஊற்றுதல். காற்றை இறக்கி, பாட்டிலை நன்றாகக் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சு கொண்டு வால்வு வழியே செலுத்த வேண்டும். குறுகிய ரோட்டு டயருக்கு 30 முதல் 45 மில்லிலிட்டர், 40 மில்லிமீட்டர் அகலமுள்ளதற்குச் சுமார் 60, மலைச் சைக்கிளின் பெரிய டயருக்கு 90 முதல் 120 வரை என்பது பொதுவான அளவு. பாட்டிலில் வேறு அளவு கூறியிருந்தால் அதையே கொள்க. உட்பகுதியை மாட்டிக் காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றிக் குலுக்கி, ஒரு வாளியின் மேல் ஒவ்வொரு பக்கமும் சில நிமிடம் படுக்க வைத்து, பிறகு தெருவில் ஒரு சுற்று ஓட்டி வரவேண்டும். முதல் இரவில் காற்றுச் சிறிது இறங்குவது இயல்பே. பழைய உடை அணிந்தே இவ்வேலையைச் செய்க. இந்தப் பால் துணியில் உலர்ந்தால் எந்தச் சலவைக்கும் மசியாது. வீட்டில் உள்ளவர்களின் மசியாமையையும் அதனுடன் சேர்த்துக்கொள்ள நேரும்.

பராமரிக்கும் முறை

இதுவரை கூறியது ஒருநாள் வேலை. இனிக் கூறுவதே ஆண்டு முழுவதும் உள்ளது. நாம் தவறியதும் இங்கேதான்.

வாரம் ஒருமுறை காற்றை அளந்து பார்க்கவேண்டும். கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மற்றக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாலின் அளவைச் சோதிக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் இந்த ஊரில் அது விரைந்து வற்றும். வால்வைக் கீழ்ப்புறமாக நிறுத்திச் சிறிது நேரம் விட்டு, காற்றை இறக்கி, உட்பகுதியைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்றை உள்ளே விட்டு எடுத்தால், அதில் படியும் ஈரம் கிணற்றில் கயிறு விட்டு நீர் பார்ப்பது போல அளவைக் காட்டிவிடும். ஈர்க்குச்சி வேண்டாம், உள்ளே ஒடிந்துவிடும். குறைந்திருந்தால் அதே வகைப் பாலை ஊற்றவேண்டும். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் சில வேளை திரிந்து கட்டிப்படும். வால்வில் காற்று ஏறத் தயங்கினால் உறைந்த பால் அடைத்திருக்கிறது என்று பொருள். உட்பகுதியைத் துடைக்கலாம், அல்லது புதிது மாற்றலாம். ஆண்டுக்கு ஒருமுறை டயரைக் கழற்றி, ஏடு போல உலர்ந்த ரப்பரை உரித்து, தங்கிய முட்களைப் பிடுங்கிப் புதிதாகத் தொடங்குவது நன்று.

வழியில் முள் குத்தியது தெரிந்தால், முள்ளைப் பிடுங்கித் துளையைத் தரைப்பக்கம் திருப்பிச் சற்று நேரம் நிற்கவேண்டும். பெரும்பாலும் அடைந்துவிடும். ஆணியோ கண்ணாடியோ பெரிய துளையிட்டிருந்தால், மோட்டார் சைக்கிளுக்குச் செய்வது போல ஒட்டும் திரியைச் செருகலாம். ஆனால் சைக்கிளுக்கென விற்கும் மெல்லிய திரியே ஏற்றது. டயரின் பக்கவாட்டில் கிழிசல் விழுந்தால் பால் அதைக் காப்பாற்றாது. அப்போது வால்வைக் கழற்றிவிட்டு, டயரின் உட்புறம் முழுவதும் துணியால் தடவி முட்களையெல்லாம் எடுத்தபின், கிழிசலுக்கு உட்புறத்தில் ஒரு தடித்த பழைய டயர்த் துண்டை வைத்து, மாற்று டியூபை மாட்டிக்கொள்ள வேண்டும். முட்களை எடுக்காமல் மாட்டினால், இத்தனை நாள் மௌனமாக உள்ளே தங்கியிருந்த முட்கள் ஒன்று சேர்ந்து டியூபைக் குத்திவிடும். நமது டயரில் ஏழு இருந்ததை மேலே கூறினோம்.

ஆகவே தொலைவு செல்வோர் தம் ரிம்மின் துளைக்குப் பொருந்தும் மெல்லிய வால்வுள்ள டியூப் ஒன்று, பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு, திரி, சிறு பம்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளாமல் புறப்படவேண்டாம். டியூப் இல்லாத சைக்கிளுக்கு டியூப் எதற்கு என்று யாரேனும் நகைத்தால் நகைக்கட்டும். நாமும் அவ்வாறே நகைத்தவர்தாம்.

டியூப் இல்லாத டயர் நம் வேலையைக் குறைப்பதில்லை. வேலை நடக்கும் இடத்தைத்தான் அது மாற்றுகிறது. நடுவழியில் வெயிலில் செய்யவேண்டியதை வீட்டு நிழலில், நாம் குறித்த நாளில், சாவகாசமாகச் செய்து முடிக்க இடம் தருகிறது. அந்த நாளை நாம் தவறவிட்டால் அதே வேலை வீதியில் வந்து வழிமறித்து நிற்கும். வீட்டிலுள்ள தாள்காட்டியில் பால் ஊற்றிய தேதியையும், மீண்டும் சோதிக்க வேண்டிய தேதியையும் சிவப்பு மையால் குறித்துவைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நம் வீட்டில் இப்போது அவ்வாறே குறித்திருக்கிறது.

பிம்ப்ரிக் குழந்தைகள் மூன்றாவது ஞாயிறு வந்துவிட்டனர். வகுப்பறையின் இரண்டாவது சாவி ஒன்று அன்று முதல் அடுத்த தெருவிலுள்ள ஓர் அன்பர் வீட்டில் இருக்கிறது.